கோழியைத் தூக்கிப் பார்க்குமுன் கொட்டகையைப் பாருங்கள்

துறையூர்ப் பக்கம், பச்சைமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்களுக்கு 60 சென்ட் நிலம் இருக்கிறது. கிணற்றடியில் சில தென்னைகள், வரப்போரம் முருங்கையும் வேம்பும், மூலையில் நானே கம்பு நட்டு எழுப்பிய ஒரு கோழிக் கொட்டகை. அதில் எப்போதும் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிகள் 20 முதல் 30 வரை அடையும். ஒன்பது ஆண்டுகளாக வளர்க்கிறேன். இதில் நான் செய்யாத தவறு குறைவு.

கோழிக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் கால் முதலில் மருந்துக் கடைப் பக்கம்தான் திரும்பும். ஆனால் என் கொட்டகையில் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் கோளாறு கோழியிடம் இருக்கவில்லை. கம்பிலோ, பல்பிலோ, கூரையிலோ, முட்டை சேர்த்து வைத்த பானையிலோதான் இருந்தது. ஆகவே நோயின் பெயரை வைத்துத் தொடங்காமல், காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் கண்ணில் என்ன படுகிறதோ அதை வைத்தே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். கோழிக்கு என்ன வயது? தொல்லை எந்த நேரத்தில் தெரிகிறது? ஒன்றுக்கா, பலவற்றுக்கா? ஒரே நாளில் ஐந்தாறு சுருண்டால் அது பெரும்பாலும் தொற்று அல்லது நஞ்சு. இரவில் மட்டும் தொல்லை என்றால் கொட்டகை. மூன்று வாரக் குஞ்சுக்கு வருவதும் மூன்று வயதுக் கோழிக்கு வருவதும் வேறு வேறு. கால்நடை மருத்துவரும் இந்த மூன்றைத்தான் முதலில் கேட்பார்.

பொழுது சாய்ந்தும் கோழி கொட்டகைக்குள் போக மறுக்கிறது

இரண்டாம் ஆண்டு, மாசி மாதம். ஆறரை மணிக்குத் தாமாகவே ஏறி வரிசையாக உட்காரும் கோழிகள் ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டன. விரட்டினால் உள்ளே போயின. நான் முதுகைத் திருப்பியதும் வெளியே வந்து முருங்கையில் ஏறின. பாம்பு வந்து போயிருக்கும் என்று இரண்டு இரவு டார்ச்சும் தடியுமாகக் கொட்டகையைச் சுற்றி வந்தேன். பாம்பும் இல்லை, சட்டையும் இல்லை. வேலியோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து ஆயா மூன்றாம் நாள் கேட்டார்: “வெளியே சுற்றிச் சுற்றி வருகிறாயே தம்பி, அது உட்காருகிற கம்பைத் திருப்பிப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை. கம்பைக் கழற்றித் திருப்பினேன். மூங்கில் கணுவிலும், கம்பைக் கட்டியிருந்த கயிற்றின் அடியிலும் அடுப்புச் சாம்பல் ஒட்டியது போல ஒரு படலம். விரலை வைத்தேன், சாம்பல் நகர்ந்தது. அன்று இரவு ஒன்பது மணிக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணியால் அதே கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். துணி முழுக்கச் சிவப்புக் கோடுகள். கோழியின் ரத்தம்.

இதைத்தான் செள் என்கிறோம். பகலில் சந்து பொந்துகளில் பதுங்கும், இரவில் இறங்கி வந்து ரத்தம் குடிக்கும், விடியுமுன் திரும்பிவிடும். பகலில் கோழியைத் தூக்கி இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் ஏமாந்தது அங்கேதான். கொண்டை வெளுப்பது, முட்டை குறைவது, அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவது எல்லாம் இதன் பின்னால் வரும். கொட்டகையில் மண்சுவர் அல்லது செங்கல் சுவர் இருந்தால் விரிசலில் கத்தி முனையை விட்டுக் கிளறிப் பாருங்கள். தட்டையாக, தோல் போல, மொச்சை விதையைவிடச் சிறிதாக வருவது கோழியுண்ணி. அதுவும் இரவுக்காரன்தான். வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து உயிர் வாழும். ஒரு மாதம் கொட்டகையைக் காலியாகப் போட்டால் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோழிப்பேன் வேறு. அது இரவும் பகலும் உடம்பிலேயே இருக்கும். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஈர் ஒட்டியிருந்தால் பேன். அதற்குச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு புரளும் குழி பெரும்பாலும் போதும். செள்ளுக்கு அது போதாது.

நான் செய்தது இது. கம்புகள் எல்லாவற்றையும் கழற்றிக் கொதிக்கும் நீரை ஊற்றினேன். கயிற்றுக் கட்டுகளை அறுத்து எரித்துவிட்டுக் கம்பியால் கட்டினேன். பழைய உமியை வாரிக் கொட்டகையிலிருந்து தொலைவில் குழியில் போட்டேன். சுவரின் விரிசலைச் சிமென்ட் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். ஏழாம் நாள் மறுபடியும் கொதிநீர். இந்த இரண்டாம் முறையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெயில் காலத்தில் செள்ளின் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும்; முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்துவிடும். மருந்து தெளிப்பதாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு, கோழியை வெளியேற்றிவிட்டுச் சந்துகளில் தெளியுங்கள். கோழியின் மேல் தெளித்துப் பயனில்லை. பகைவன் அங்கே இல்லை. தீ காட்டுவோரும் உண்டு. செங்கல் சுவருக்கு அது சரி. கீற்றுக் கூரையின் கீழ் அந்த வேலையே வேண்டாம்.

பிறகு மூங்கிலை விட்டுவிட்டு, முனை மழுக்கிய இரண்டு அங்குலச் சட்டத்துக்கு மாறினேன். கணு இல்லை, பொந்து இல்லை. ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் என்று கணக்கிட்டு வெட்டினால் தள்ளுமுள்ளு இருக்காது.

21 நாள் கடந்தும் பாதி முட்டை பொரிக்கவில்லை

பொரிக்காத முட்டையைத் தூக்கி எறியாதீர்கள். உடைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் அல்ல, குப்பைக் குழியருகில், பழந்துணியில் சுற்றி, மூக்கைத் திருப்பிக்கொண்டு. உள்ளே இருப்பதுதான் விடை.

மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கிறது, ரத்தப் புள்ளிகூட இல்லை என்றால் அது கருக்கூடாத முட்டை. பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும். சேவல் கிழடா, காலில் ஆணியா, இரண்டு சேவல் சண்டையிலேயே பொழுதைக் கழிக்கின்றனவா என்று பாருங்கள்.

உள்ளே ஒரு சிவப்பு வளையம் இருக்கிறது என்றால் கரு உருவாகி முதல் சில நாட்களில் செத்திருக்கிறது. பெரும்பாலும் இது அடைக்கோழியின் குற்றம் அல்ல, முட்டையைச் சேர்த்து வைத்தவரின் குற்றம். சித்திரையில் இடி இடித்து முட்டை கூமுட்டையாகிவிட்டது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதற்காக அடையில் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் வைப்பார்கள். இரும்பு இருக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சங்கதி வேறு. முட்டைக்குள் கரு வளராமல் உறங்கிக் கிடக்க வேண்டுமானால் குளிர்ச்சி வேண்டும், ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. அதற்கு மேலே போகப் போகக் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் சமையலறைப் பரணில் பத்து நாள் வைத்த முட்டை, அடைக்குப் போகுமுன்பே வளரத் தொடங்கி நின்று போயிருக்கும். இடி இடிக்கும் மாதமும் வெயில் மாதமும் ஒன்றாக இருப்பதால் பழி இடியின் மேல் விழுந்துவிட்டது.

அந்த 20 டிகிரியை நம் வீட்டில் எட்ட முடியாது, முடிந்தவரை நெருங்கலாம். நிழலான இடத்தில் மணலைக் கொட்டி நனைத்து, அதில் ஒரு மண்பானையைப் பாதி புதைத்து, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வாயில் துணி கட்டிவிடுங்கள். மணல் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் பானை மாயம் செய்யாது. கோடையில் நான்கைந்து நாளுக்குள், குளிர்காலத்தில் ஏழு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முட்டையிலும் கரிக்கோலால் தேதி எழுதுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் போய்விட்டால் கிருமிக்கு வாசல் திறந்துவிடும்.

முழுக் குஞ்சு உருவாகி ஓட்டைக் கொத்தாமல் செத்திருக்கிறது என்றால் கடைசி நாட்களில் கோளாறு. கோழி எழுந்து போயிருக்கலாம், ஈரம் போதாமல் உள்சவ்வு காய்ந்திருக்கலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையை எடுத்து எடுத்துப் பார்க்கும் ஆர்வமும் ஒரு காரணம். என் மகள் ஒருமுறை அப்படி ஐந்து முட்டைகளைக் காலி செய்தாள்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அகன்ற மூங்கில் கூடையில் மூன்று அங்குலம் மணல், அதன் மேல் வைக்கோல். மணலில் அவ்வப்போது கொஞ்சம் நீர் தெளித்தால் ஈரம் நிற்கும். கோழி முழுவதும் மூடக்கூடிய அளவுதான் முட்டை; சிறுவிடைக்கு 10 அல்லது 12. பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்து, மறுநாள் அது நடுவே போய், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வந்து, எல்லாமே கெடும். ஏழாம் நாள் இரவு, இருட்டில், உள்ளங்கையைக் குவித்து டார்ச்சின் வாயில் முட்டையை வையுங்கள். செந்நிறத்தில் நடுவே ஒரு புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் நரம்பும், சிலந்தி வலை போலத் தெரிந்தால் உயிர் இருக்கிறது. விளக்கு போலத் தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளேயே இருந்தால் அழுகி வெடித்து மற்றவற்றையும் நாறடிக்கும்.

கோழி தினமும் ஒருமுறை இறங்கித் தின்று, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டு, அரைமணிக்குள் திரும்புவது இயல்பு. ஒரு மணி நேரமாகியும் திரும்பாமல் கூடையையே வெறித்துக்கொண்டு நின்றால் கூடையில் செள் இருக்கிறது. மேலே சொன்ன வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

குஞ்சுகள் விடியற்காலையில் மூலையில் குவிந்து செத்துக் கிடக்கின்றன

தாய் இல்லாமல் வளர்க்கும் குஞ்சுகளுக்குத்தான் இது வரும். குளிர். முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். ஒரு குஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு வாட் என்று கணக்கு வைத்து 60, 100 வாட் குண்டு பல்பு தொங்கவிடுவது பழைய வழக்கம். எனக்கு நேர்ந்தது என்னவென்றால், பல்பு உடைந்த அன்று கடையில் இருந்த எல்இடி பல்பை வாங்கி மாட்டிவிட்டேன். வெளிச்சம் முன்னைவிடப் பிரமாதம். மறுநாள் காலை 23 குஞ்சுகளில் 14 ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்இடி வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. இப்போது குண்டு பல்பு எளிதில் கிடைப்பதில்லை. கோழித் தீவனக் கடைகளில் அகச்சிவப்பு விளக்கு கேட்டு வாங்குங்கள்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சுகளே சொல்லும். விளக்கின் நேர் கீழே குவிந்து கீச்சிட்டால் குளிர்; விளக்கைத் தாழ்த்துங்கள். விலகி ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு, உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கச் சந்திலிருந்து காற்று வருகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம். மூலையே இல்லாதபடி அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்துக் கட்டிவிட்டால் குவிந்து நசுங்குவதும் நிற்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

கோழி காணவில்லை, அல்லது தலையில்லாமல் கிடக்கிறது

முதலில் நேரம். பகலில் திறந்தவெளியில் குஞ்சு மறைந்தால் பருந்து, வல்லூறு, காகம். தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்திருக்கும், கேட்டிருப்பீர்கள். பகலிலேயே கொட்டகை ஓரத்தில் கழுத்தும் தலையும் கடிபட்டு ஒன்றுக்கு மேல் கிடந்தால் கீரி. வேண்டியது ஒன்றுதான் என்றாலும் அது ஒன்றோடு நிற்காது. இரவில் ஒரு கோழி மட்டும், வேலிவரை இறகு சிந்தியபடி தூக்கிச் செல்லப்பட்டிருந்தால் காட்டுப்பூனை அல்லது மரநாய். எல்லாவற்றையும் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமலே போயிருந்தால் நாய். ஊர் நாய்தான், யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். முட்டையோ சிறு குஞ்சோ ஓடு, இறகு, ரத்தம் எதுவும் மிச்சமில்லாமல் மறைந்தால் பாம்பு. ஒருமுறை அடைக்கூடை அருகே வலைக் கண்ணியில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு நல்ல பாம்பு மாட்டிக்கொண்டு நின்றது. மெலிந்து உள்ளே வந்தது, நான்கு முட்டை விழுங்கிவிட்டு அதே ஓட்டை வழியாகத் திரும்ப முடியவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம், வந்து பிடித்துப் போனார்கள்.

குஞ்சின் கால் மட்டும் கடிபட்டிருந்தால் எலி. அதைச் சின்ன விஷயம் என்று விட்டால் எலியைத் தேடிப் பாம்பு வரும்.

திருத்தம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே, அது வலையில் இருக்கிறது. அறுகோணக் கண்ணிக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது, பல்லால் கிழித்துவிடும். செயின் லிங்க் வேலியின் கண்ணியில் கீரி தலையை நுழைத்தால் உடம்பும் பின்னே வந்துவிடும். அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண்ணி உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடியுங்கள். அதோடு நிறுத்தாமல் வலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கமாக மடக்கி விடுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். மடக்கிய வலை நகத்தில் பட்டதும் விட்டுவிடும். ஆத்திரத்தில் கண்ணி வைத்துக் கீரியைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, கீரி இல்லாத தோட்டத்தில் பாம்பு அதிகம்.

கழிச்சல்

இங்கே நிறத்தையும் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறந்து இரண்டு வாரத்துக்குள், பின்புறத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு குஞ்சுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் குளிர் அல்லது தீவனக் கோளாறு. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சூடு கொடுங்கள். பல குஞ்சுகள் அப்படி இருந்து சாகவும் செய்தால், முட்டை வழியாகத் தாயிடமிருந்து வரும் தொற்றாக இருக்கலாம். அந்தத் தாயின் முட்டையை இனி அடை வைக்காதீர்கள்.

மூன்று முதல் எட்டு வாரத்துக்குள், எச்சத்தில் ரத்தம், இறகைச் சிலிர்த்துக்கொண்டு குன்றி நிற்கிறது என்றால் ரத்தக் கழிச்சல். மழைக்காலத்தில், தண்ணீர்த் தட்டைச் சுற்றி உமி நசநசவென்று இருக்கும் கொட்டகையில்தான் இது வெடிக்கும். எச்சத்தில் வெளியேறும் கிருமியின் முட்டை ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் இரண்டே நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். தண்ணீரில் கலக்கும் மருந்து இருக்கிறது, மருத்துவர் தருவார். ஆனால் ஈர உமியை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமும் அதே மருந்தை வாங்குவீர்கள். தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

எந்த வயதானாலும், வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், இறக்கை தொங்கல், சில நாளில் கழுத்து முறுக்கி வானத்தைப் பார்த்தல், வரிசையாகச் சாவு: இது வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் நோய் என்று ஏட்டில் இருப்பது இதுதான்; இமயமலை அடுக்கில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. வைரஸ் நோய், வந்தபின் மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, நானும் கொடுக்கிறேன். தீனி எடுக்காத கோழி தீனி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்ட ஆண்டில் 26 கோழிகளில் 4 மிஞ்சின. அந்தக் கணக்கு எனக்குப் போதும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடியும் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் ஊர் ஊராக இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அன்று காலையில் கோழியைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பிடிக்க முடியாது. மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்; கலக்கிய மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சட்டைப் பையில் வெயிலோடு வந்த மருந்து வெறும் தண்ணீர். நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

ஒரே இரவில் பெருவாரியாகச் செத்தால் எதையும் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததை வாய்க்காலில் எறிவதும், சாகக் கிடப்பதைச் சந்தையில் அவசரமாக விற்பதும் அடுத்த ஊருக்கு நோயைக் கூலியில்லாமல் சுமந்து செல்லும் வேலை. அவர்கள் பார்த்த பிறகு, செத்ததை மூன்றடிக் குழியில் போட்டு, மேலும் கீழும் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம்

அம்மை. கொசு கடித்துப் பரவும். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினால் ஈ மொய்க்காது, மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். வாய்க்குள் மஞ்சளாகப் படலம் இருந்து தீனி விழுங்க முடியவில்லை என்றால் மட்டும் மருத்துவர். கொட்டகையைச் சுற்றி நிற்கும் தண்ணீரை வடியுங்கள்.

முட்டை வரவில்லை

முதலில், இது கோளாறுதானா என்று பாருங்கள். நம் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஒரு தொகுதி இட்டுவிட்டு அடைக்கு உட்காரும், குஞ்சு மேய்க்கும், இரண்டு மூன்று மாதம் முட்டையே இருக்காது. இறகு உதிர்க்கும் காலத்திலும் நிறுத்திவிடும். பண்ணைக் கோழியோடு ஒப்பிட்டு அதைத் திட்டக் கூடாது.

அந்தக் காலம் எதுவும் இல்லை, கொண்டை சிவந்திருக்கிறது, கேறவும் செய்கிறது, முட்டை மட்டும் இல்லை என்றால் தூக்கி, பின்புறத்தில் துருத்தும் இரண்டு இடுப்பெலும்புகளின் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் இடுகிறது. எங்கோ வேலியில், வைக்கோல் போரில் இடுகிறது. காலை 11 மணிவரை திறந்துவிடாமல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் கொட்டகைக்குப் பழகிவிடும். ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் தீனியைப் பாருங்கள். வெறும் அரிசிக் குருணையும் தவிடும் வயிற்றை நிரப்பும், முட்டையாக மாறாது. கடலைப் புண்ணாக்கு கொடுக்கலாம், பூஞ்சணம் பிடித்தது மட்டும் வேண்டாம். அது ஈரலைத் தின்றுவிடும். செலவில்லாத வழி கரையான். பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைச் செத்தை ஆகியவற்றை அடைத்து நீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் நிமிர்த்தினால் பானை நிறைய இருக்கும். குஞ்சுகள் அதைப் பார்த்துவிட்டால் பானையைக் கையில் எடுத்ததுமே ஓடி வரும்.

முட்டையைக் கோழியே குடிக்கிறது என்றால், முதல் முட்டை தற்செயலாக உடைந்திருக்கும். அதன் ருசி பிடித்துவிட்டது. மிளகாய்த்தூள் அடைத்த முட்டையை வைத்தால் திருந்தும் என்பார்கள். நானும் வைத்தேன். கோழி அதைச் சட்னி தொட்டுக்கொள்வது போலத் தின்றது. மிளகாயின் காரம் நம்மைப் போன்ற பாலூட்டிகளின் வாயில்தான் எரியும். பறவைக்கு அந்த எரிச்சல் உறைப்பதில்லை. காட்டு மிளகாயின் விதையைப் பரப்புவதே பறவைகள்தான். அதற்குப் பதில் முட்டையிடும் பெட்டியைச் சாக்குத் திரையிட்டு இருட்டாக்குங்கள், முட்டையை இட்ட உடனே எடுங்கள், முட்டை அளவுள்ள வழுவழுப்பான வெள்ளைக் கல் இரண்டை உள்ளே போட்டு வையுங்கள். கொத்திக் கொத்தி அலகு வலித்ததும் மறந்துவிடும். ஓடு மெலிந்திருந்தாலோ தோல்முட்டை வந்தாலோ கிளிஞ்சலை நொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள். தேவையானது தேவையான அளவு தின்றுகொள்ளும்.

நண்பகலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

காலையில் நன்றாக இருந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் மட்டும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு இளைத்தால் நோயில்லை, வெப்பம். கோழிக்கு வியர்க்காது, பெரும்பாலும் வாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். மாலையிலும் இளைப்பு நிற்காமல் மூக்கில் சளியும் இருந்தால்தான் நோயை நினைக்க வேண்டும். சுருண்டு விழுந்த கோழியை நிழலுக்குக் கொண்டுபோய்க் கால்களையும் கொண்டையையும் நனையுங்கள். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறும். கத்திரி வெயில் நாட்களில் தீனியை அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் வைத்து, மண்சட்டியில் தண்ணீரை மூன்று முறை மாற்றுங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு கீற்று மாற்றச் சோம்பல்பட்டு நான் தகரம் போட்டேன். அந்தச் சித்திரையில் மூன்று பெட்டைகள் போயின. தகரத்தைக் கழற்றப் பணமில்லை; அதன் மேலேயே தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டி, கீற்றுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விட்டேன். தை மாதம் கொட்டகையின் நான்கு கால்களிலும் சுரை விதை ஊன்றினால் வெயில் ஏறுமுன் கொடி கூரையை மூடிவிடுகிறது. காய் பறிக்க மேலே ஏறும்போது சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள், தகரம் தாங்காது.